நாற்பது வயதானால் ஆட்டம் முடிந்துவிட்டதா?

சடுகுடு ஆட்டத்தில் யாருக்குக் கைதட்டல் கிடைக்கிறது? மூச்சுப் பிடித்துப் பாடிப் போய், நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறானே, அந்த வாலிபனுக்கு!

மூலையில் நின்று காலைப் பிடிப்பவரை யாரும் கவனிப்பதில்லை. அவருக்குக் கொஞ்சம் வயதாகிவிட்டால் போதும். "அண்ணன் ஒதுங்கிக்கொள்ளட்டும், பையன்கள் ஆடட்டும்" என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இது தவறு. அனுபவமுள்ள மூலைக்காரரைக் குழு விடவே கூடாது.

மூலைக்காரர் வேலை

களத்தில் ஒரு பக்கத்துக்கு 7 பேர். வலது மூலையில் ஒருவர், இடது மூலையில் ஒருவர். பாடி வருகிறவருக்கு 30 விநாடிதான் நேரம்.

பாடி வருகிறவர் காலை நீட்டுவார். அந்தக் கால் தரையில் ஊன்றும் நொடியில் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு! தொட்டுவிட்டுத் தப்பிவிடுவார். பிடிக்கப் போனவர் வெளியே உட்கார வேண்டியதுதான்.

பாய்வதற்குப் பலம் போதும். பாயாமல் காத்திருப்பதற்குப் பொறுமை வேண்டும். எத்தனையோ பேரிடம் ஏமாந்த பிறகுதான் அந்தப் பொறுமை வரும். இருபது வயதில் அது எப்படி வரும்?

சேரலாதன் காட்டிய வழி

தஞ்சை மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன். 1975-ல் பிறந்தவர். வலது மூலைக்காரர். சக வீரர்கள் அவரை "அண்ணா" என்றே கூப்பிட்டார்கள்.

2016-ல் பாட்னா குழு அவரைத் தலைவராக்கியது. அப்போது அவருக்கு வயது 41! ஜூலை 31 அன்று புரோ கபடி இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை வென்று பாட்னா கோப்பையைத் தட்டிச் சென்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஆமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்தியக் குழுவிலும் அவர் இருந்தார். 2021-ல் ஜெய்ப்பூர் குழு அவரை எடுத்தபோது வயது 46.

"2017-ல் அவர் இல்லாமலே பாட்னா மறுபடி ஜெயித்ததே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பர்தீப் நர்வால் என்ற வீரர் அந்த ஆண்டு பாடிப் போய்ப் புள்ளிகளைக் குவித்தார். அப்படி ஒருவர் ஊருக்கு ஊர் கிடைப்பாரா? கிடைக்காத குழு தன் மூலையைத்தான் நம்ப வேண்டும்.

ஊர்க் குழுக்களுக்கு ஒரு வார்த்தை

தென்னேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரி நிரம்பினால் எல்லோரும் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். அதைத் தாங்கி நிற்பதோ கரை! பழைய கரை என்று யாராவது அதை வெட்டி எறிவார்களா?

முழங்கால் தளர்ந்து, பிடி நழுவ ஆரம்பித்தால் வேறு விஷயம். அப்போது விலகத்தான் வேண்டும். ஆனால் ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிறந்த தேதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பொங்கல் போட்டிக்கு ஆள் எடுக்கும்போது அண்ணனை மூலையில் நிறுத்துங்கள். அவருக்குப் பக்கத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பையனை நிறுத்துங்கள். எப்போது பாய வேண்டும், எப்போது பொறுக்க வேண்டும் என்று பையன் கற்றுக்கொள்வான். அண்ணன் ஓய்வு பெறும் நாளில் மூலை காலியாக இருக்காது!