நெல்லின் ஈரத்தை அளக்கிறோம், மூச்சை அளக்கிறோமா?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் சம்பா, தாளடி அறுவடை தை, மாசி மாதங்களில் மும்முரமாக நடைபெறும். நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு வரும் நெல்லின் ஈரப்பதம் கருவி கொண்டு அளக்கப்படுகிறது. 17 சதவிகிதத்துக்கு மேல் ஈரம் இருந்தால், அரசு தளர்வு அளித்தாலன்றி, நெல் வாங்கப்படுவதில்லை. தூற்றும் இயந்திரத்தில் பதர் நீக்கிய பின்னரே மூட்டை எடைக்குப் போகிறது. ஆனால் அந்த இயந்திரத்தின் அருகே நாள் முழுதும் சுணையையும் தூசியையும் சுவாசிக்கும் தொழிலாளியின் மூச்சை அளக்கும் வழக்கம் இல்லை. இது பெருங்குறை.

தானியத் தூசியால் நுரையீரல் கெடும் என்பது புதிய செய்தியன்று. தானியம் சலிப்போருக்கு வரும் மூச்சுத் தொல்லையை இத்தாலிய மருத்துவர் ராமசினி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார். நெல் தூசியில் உமித்துகள் மட்டுமின்றிப் பூஞ்சண வித்துகளும் நுண்ணிய பூச்சிகளும் கலந்துள்ளன. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இவற்றால் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கும். நெஞ்சு இறுக்கம், சீழ்க்கை போன்ற இரைப்பு, விடியற்கால இருமல் ஆகியவை தோன்றும். நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாகவும் ஆஸ்துமா வரலாம். வேலை நாளில் மிகுந்து, ஓய்வு நாளில் தணிந்தால், தொழிலே காரணமோ என ஐயுற வேண்டும்.

எனினும் இரைப்பதெல்லாம் ஆஸ்துமா அன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை தேவை. நெடுங்காலம் பீடி பிடித்தவர்களுக்கும் விறகடுப்புப் புகையில் உழன்ற பெண்களுக்கும் நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் வரக்கூடும். யானைக்கால் நோய்க்குப் பெயர்போன கும்பகோணம் வட்டாரத்தில் இன்னொன்றையும் மறக்கலாகாது. அந்நோய்ப் புழுவால் வரும் ஒருவகை ஈஸ்னோபிலியா இரவில் ஆஸ்துமா போலவே இருமலும் இரைப்பும் தரும். இரத்தப் பரிசோதனையில் அது தெரியவரும்; அதற்கு மருந்தும் வேறு.

ஆகவே ஊதிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊதச் செய்து, சால்பியூட்டமால் மருந்தை உறிஞ்சவைத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் செய்வார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்று 12 சதவிகிதமும் 200 மில்லி லிட்டரும் கூடினால் ஆஸ்துமா என்பதற்கு அது வலுவான சான்று. நோய் தணிந்த நாளில் சோதனை சரியாகத் தோன்றலாம். அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. பீக் புளோ மீட்டர் என்னும் சிறு குழாயில் வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் தினம் நான்கு முறை ஊதிச் சில வாரங்கள் குறித்துவந்தால், தூசியின் பங்கு புலப்படும்.

இரைப்பு வந்த இரவில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் களத்துக்குப் போவது சிகிச்சை ஆகாது. மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிப்பது உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தே. "இன்ஹேலர் பழகிவிடும்" என்ற அச்சம் வீண். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போகும் ஸ்டீராய்டு, இதில் மைக்ரோகிராம் அளவில்தான் செல்கிறது. உறிஞ்சிய பின் வாய் கொப்பளிக்க வேண்டும். சால்பியூட்டமால் மட்டும் போதும் என்ற பழைய முறையை உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழு 2019-இல் கைவிட்டது. பேசவே முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும்.

மருந்தோடு தூசியும் குறைய வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று தூற்றலாகாது. தலைப்பாகைத் துணி நுண்தூசியைத் தடுக்காது. என்-95 முகக்கவசமே தக்கது. இரைப்பு உள்ளவருக்கு இயந்திரத்தருகே வேலை தராமல், கூலி குறையாத மாற்றுப் பணி தர வேண்டும். கூலி போய்விடுமே என்ற பயம் இருக்கும்வரை எவரும் நோயைச் சொல்ல மாட்டார்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. அதே அக்கறை களத்து மேட்டுக்கும் வர வேண்டும். ஒவ்வொரு அறுவடைக்கு முன்னும் சுமை தூக்குவோரையும் தூற்றுவோரையும் ஊதச் செய்து பார்ப்பது பெருஞ்செலவன்று. நெல்லுக்குக் காட்டும் கவனத்தை அதைச் சுமக்கும் மனிதருக்கும் காட்டுவது நம் கடமையாகும்.