எலும்பு கூடினால் போதுமா?

கடலூர்–சிதம்பரம் சாலையில் விபத்து. கால் முறிந்துவிட்டது. செலவுக்கு எங்கே போவது? இதற்காகத்தான் 2021 டிசம்பரில் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பு.

சரி, அப்புறம்? கம்பி வைத்து எலும்பைச் சேர்த்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலிலேயே கிடந்தால் முட்டி மடங்காது. தசை வற்றிவிடும். தினமும் பயிற்சி வேண்டும். வலிக்கும்தான்! சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினால் அன்றையக் கூலியும் போச்சு. பலர் பாதியில் விடுவது இங்கேதான்.

வேலூர் டாக்டர் மேரி வர்கீசுக்கு 1954-ல் கார் விபத்து. கால்கள் செயலிழந்தன. பயிற்சி பெற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்! 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையமும் கண்டார்.

வேலூர் தூரம். 2021-ல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பயிற்சியாளரை வீட்டுக்கே அனுப்ப வழி செய்தது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: “எங்கள் ஊருக்கு யார் வருவார்?”