தூத்துக்குடியில முத்து தேடாதீங்க... ஊர்க்காரங்க சொல்ற ரூட் இதுதான்!

முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்து, காலையில் தூத்துக்குடியில் கண்விழிக்கும் வெளியூர்க்காரர்கள் ஆட்டோ அண்ணாச்சிகளிடம் தவறாமல் கேட்பது இதைத்தான்: “இங்க நல்ல முத்து எந்தக் கடையில கிடைக்கும்?”

ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பும் வரும், சங்கடமும் வரும். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன்பிறகு முத்துப்பார்களில் சிப்பி போதிய அளவு சேரவே இல்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் இங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியும், அது ஊரின் தொழிலாக வளரவில்லை. எனவே, ‘அசல் தூத்துக்குடி முத்து’ என்று யாராவது நீட்டினால் பர்ஸை மூடிவிடுங்கள். இன்று மூச்சடக்கி மூழ்குகிறவர்கள் எடுப்பது சங்கு. அதில் பெரும்பகுதி வங்காளப் பெண்களின் கைவளையலாகப் போகிறது.

சரி, எங்கே ஆரம்பிக்கலாம்? பனிமய மாதா பேராலயத்தில். உள்ளே இருக்கும் மாதா சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்வார்கள். ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. அந்த நாள்களில் லாட்ஜில் அறை கிடைப்பது கஷ்டம் என்பதால், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்படியே பழைய துறைமுகப் பக்கம் நடந்தால், மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் ஏற்றிப்போகும் தோணிகள் கண்ணில் படும். 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி., கொழும்புக்குக் கப்பல் விட்ட ஊர் இது. அவர் பெயரைத் தாங்கிய இன்றைய பெரிய துறைமுகம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. அனுமதியில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதனருகே உள்ள முயல் தீவு கடற்கரைக்கு வெயில் தாழ்ந்தபிறகு போனால் போதும்.

உப்பளங்களை மட்டும் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்துடையது. வெள்ளைப் பாத்திகளும் குவியல்களும் போட்டோவுக்கு அழகுதான். ஆனால், அங்கே பொழுது விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். அதில் வருஷக்கணக்காக நின்று உப்பு வாருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் பெண்கள் என்பதை நேரில் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். பாத்தியில் செருப்புக்காலோடு இறங்கிவிடாதீர்கள். “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்திகளில் வேலை நின்றுவிடும். பார்க்கவும் எதுவும் இருக்காது, அவர்களுக்குக் கூலியும் இருக்காது.

இன்னொரு விஷயத்தில் ஊர்க்காரர்கள் கறார். கரையில் ஒதுங்கும் பவளத்துண்டை ‘ஞாபகத்துக்கு’ என்று பையில் போடாதீர்கள். பவளப்பாறை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அவற்றில் தூத்துக்குடியை ஒட்டிய விலாங்குசல்லி தீவு கடலுக்குள் போய்விட்டது. வான் தீவு கரைந்துகொண்டே வந்ததால், செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கிக் காக்க வேண்டியதாயிற்று. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்கு இந்தப் பக்கம் கொடுத்த விலை அது. “தீவுக்குப் படகுல கூட்டிப்போறேன்” என்று யாராவது ரகசியமாகக் கூப்பிட்டால் ஏறாதீர்கள். வனத்துறை பிடித்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான் வழக்கு.

ராத்திரி, “நைட் கிளப் போகலாமா?” என்று யாராவது கேட்டால் பதற வேண்டாம். இங்கே பரோட்டாக் கடைக்கு அதுதான் செல்லப்பெயர். சால்னாவைத் தாராளமாக ஊற்றச் சொல்லுங்கள்.

ஒருநாள் கூடுதலாக இருந்தால் திருச்செந்தூர் பஸ் ஏறி, முருகனைப் பார்த்துவிட்டு மணப்பாட்டுக்குப் போகலாம். மணல்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே கடல். வழியில் உடன்குடி கருப்பட்டி வாங்காமல் வராதீர்கள்.

மக்ரூனைக் கடைசி நாளில், ரயில் ஏறப்போகும்போது வாங்குங்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் அதில். சைவம் சாப்பிடுகிற பெரியவர்களுக்கு வாங்கிப்போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. டப்பாவை வழியில் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் நமத்துவிடும்.