கோபிசந்த் தேர்வில் வென்றிருந்தால்?

கச்சிபௌலிக்கு வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே நம் ஒவ்வொருவருக்கும் யாரேனும் ஒருவர் சொல்லிவிடுகிறார்: "புல்லேலா கோபிசந்தின் பயிற்சிக்கூடம் இங்கேதான் இருக்கிறது!" சாய்னாவும் சிந்துவும் ஸ்ரீகாந்தும் பயின்ற இடம் அல்லவா, சொல்லுகிறவர் முகத்தில் பெருமிதம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பயிற்சியாளர் கோபிசந்தை அறிந்த அளவுக்கு ஆட்டக்காரர் கோபிசந்தை நம்மவர் அறியார். அதனால் அவருடைய வாழ்வு சொல்லும் செய்தி இங்கே தலைகீழாகப் பரவிக் கிடக்கிறது.

நம் ஊர்ப்பக்கம் பூப்பந்து என்றால் மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுப்பார். தோற்றால் பழி போடவும் நால்வர் உண்டு! இறகுப்பந்தின் ஒற்றையர் ஆட்டம் அப்படிப்பட்டதன்று. 22 அடி நீளம், 17 அடி அகலம். அந்தப் பரப்பு முழுவதையும் இரண்டே கால்கள் காக்க வேண்டும். முன்னே பாய்ந்து, குனிந்து எடுத்து, மறுகணமே பின்வாங்கித் தாவ வேண்டும். பாரமெல்லாம் முழங்கால் மீது. அந்த முழங்கால்தான் 1994இல் கோபிசந்தைக் கைவிட்டது. மூட்டைப் பிணைக்கும் நார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை ஒன்றோடு நிற்கவில்லை. அப்போது அவருக்கு வயது இருபது.

எழுந்து வந்தார். 1996 முதல் 2000 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து தேசிய ஒற்றையர் பட்டம் அவருடையது. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவின் ஹெந்திராவனிடம் தோற்றார். அடுத்த மார்ச்சில், அதாவது நான் பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, பர்மிங்ஹாமில் அகில இங்கிலாந்துப் போட்டி. அரையிறுதியில் டென்மார்க்கின் பீட்டர் கேடை 17-14, 17-15 என்று மயிரிழையில் வென்றார். இறுதியில் சீனாவின் சென் ஹாங்கை 15-12, 15-6 என்று வீழ்த்தினார். சர்வீஸ் போட்டவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும் பழைய முறை அது, 2006இல்தான் மாறியது. அந்த முறையில் ஒரு புள்ளிக்காக மூச்சு வாங்க வாங்க மாறி மாறிப் போராட வேண்டியிருக்கும். 1980இல் பிரகாஷ் பதுகோன் வென்ற பட்டத்தை 21 ஆண்டுகளுக்குப் பின் ஓர் இந்தியர் மீண்டும் வென்றார். வென்ற கையோடு வாசலுக்கு வந்த குளிர்பான விளம்பரத்தை வேண்டாம் என்றார். தாம் குடிக்காததைப் பிறரைக் குடிக்கச் சொல்ல மாட்டாராம்! காசைத் துச்சமாகத் தள்ளுவதற்கு அப்போது அவர் ஒன்றும் செல்வந்தர் அல்லர். பின்னாளில் பயிற்சிக்கூடம் கட்ட வீட்டையே அடகு வைத்தவர் அவர்.

இனி, தலைகீழான செய்திக்கு வருகிறேன். கோபிசந்தே மேடையில் சொன்ன கதை ஒன்று உண்டு. அவருடைய அண்ணனும் நல்ல ஆட்டக்காரர். அண்ணன் ஐ.ஐ.டி. தேர்வில் தேறினார், ஆட்டம் நின்றது. தம்பி பொறியியல் நுழைவுத் தேர்வில் தோற்றார்; ஆட்டம் தொடர்ந்தது. இதைச் சொன்னால் நம் விடுதியில் கைதட்டுகிறார்கள். "பார்த்தாயா, தோற்பதும் நல்லதுதான்!" என்கிறார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. ஒரு வீட்டில் இரண்டு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் நன்றாகப் படித்த குற்றத்துக்காக நாடு அவரை இழந்தது. இதில் மகிழ என்ன இருக்கிறது? தேர்விலும் தோற்று, முழங்காலும் போய், பர்மிங்ஹாமையும் காணாதவர்கள் எத்தனை பேர்! அவர்களை யார் மேடையேற்றிக் கதை கேட்கிறார்கள்?

என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் மாவட்டத்தின் முதல் ஆட்டக்காரன். கல்லூரியில் சேர்ந்தான், எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். போட்டிகளுக்குப் போனதால் வருகைப் பதிவு குறைந்தது என்று அவனைத் தேர்வெழுத விடவில்லை. அவன் ஆடப் போனதே அந்தக் கல்லூரிக்காகத்தான்! கோப்பை முதல்வர் அறையில் இருக்கிறது. அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

2025 பிப்ரவரியில் கோபிசந்த் ஒரு பேட்டியில், பணமோ குடும்பத் தொழிலோ இல்லாத வீட்டுப் பிள்ளைகளை விளையாட்டில் இறக்குவதைத் தாம் பரிந்துரைக்க மாட்டேன் என்ற பொருளில் பேசினார். பலர் சினந்தார்கள். இத்தனை பேரை உருவாக்கியவரே இப்படிச் சொல்லலாமா என்றார்கள். உருவாக்கியவர் என்பதால்தான் சொன்னார் என்பேன். கூடத்துக்கு வந்தவர்களையும், பட்டமின்றிப் பதக்கமின்றித் திரும்பிப் போனவர்களையும் அவரைப்போல் கண்டவர் வேறு யார்? அவர் சொன்னது நம் நாட்டின் நிலைமை. ஆனால் அந்த நிலைமையை மாற்றும் பொறுப்பைப் பெற்றோர் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதுதான் எனக்கு உடன்பாடில்லை.

சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் ஒவ்வொரு இளநிலைப் பாடப்பிரிவிலும் விளையாட்டு வீரர்களுக்கு இரண்டு கூடுதல் இடங்களை ஒதுக்கியது. நல்ல தொடக்கம், பாராட்டுவோம். ஆயினும் அங்கே நுழைய நுழைவுத் தேர்வின் தரவரிசையிலும் இடம் பெற்றிருக்க வேண்டும், பதக்கமும் பெற்றிருக்க வேண்டும். அதுவோ பள்ளிப் படிப்பு முடிந்த சூட்டோடு எழுத வேண்டிய தேர்வு. பதினேழு வயதில் இரண்டு குதிரையிலும் ஏறத் தெரிந்தவனுக்கே அந்தக் கதவு. ஒற்றையர் ஆட்டக்காரனுக்கோ பதினேழு முதல் இருபத்தேழு வரைதான் வாழ்வு. அதன்பின் அவனுக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது?

நான் கேட்பது பெரிய சலுகை அன்று. பல்கலைக்கழகத்துக்காக ஆடிய நாளை வகுப்புக்கு வந்த நாளாகக் கணக்கிடட்டும். போட்டியால் தவறிய தேர்வை மறு வாரம் எழுத விடட்டும். நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஆடி ஓய்ந்து, இருபத்தெட்டில் புத்தகத்தைத் தேடி வருகிறவனுக்குத் துறைக்கு ஓர் இடம் வைக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் என்னைவிட ஐந்து வயது மூத்தவர் ஒருவர் முதலாண்டுப் பாடம் படித்தால் எனக்கொன்றும் குறைந்துவிடாது.

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இந்த மூன்றையும் பதிவாளருக்கு அனுப்பும் தீர்மானமாக முன்மொழியப் போகிறேன். எதிர்த்துப் பேச விரும்பும் நண்பர்கள் குறிப்புகளோடு வரட்டும்.