அனுபவத்தை யார் கொடுப்பது?

வடமாகாணத்தில் உயர்தர வகுப்பிற் படித்த எவரும் தொண்டைமானாற்றின் பெயரை அறியாதிருக்க இயலாது. சந்நிதி முருகனை வணங்கச் செல்லாத மாணவரும், பரீட்சை வினாத்தாளின் தலைப்பில் “தொண்டைமானாறு வெளிக்கள நிலையம்” என்னும் பெயரைக் கண்டிருப்பர். அவ்வினாத்தாள்களுக்கு விடையெழுதிப் பழகி, பல்கலைக்கழகம் புகுந்து, கலைப்பட்டமும் பெற்று, இன்று வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் இளைஞரைப் பற்றியே எழுதுகின்றோம்.

அவர் வேலை தேடாதவர் அல்லர். ஆனால் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களில் ஒரு வரி அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றது: “முன்னனுபவம் உடையவராயிருத்தல் வேண்டும்.” வேலை கிடைத்தாலன்றி அனுபவம் வராது, அனுபவம் இருந்தாலன்றி வேலை கிடையாது. கடல்நீரேரியில் இறங்காமலே நீந்தப் பழகிவா என்று பிள்ளையிடம் கூறுவாரும் உளரோ?

மருத்துவப் பட்டதாரியிடம் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. அரசாங்கமே அவரை ஆஸ்பத்திரியில் அமர்த்தி, வேதனமும் கொடுத்து, உள்ளகப் பயிற்சி அளிக்கின்றது. பொறியியல் மாணவர் படிக்கும்போதே தொழிற்பயிற்சிக்குச் செல்கின்றார். சட்டம் படித்தவர் மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ்ப் பயில்கின்றார். தச்சு வேலை பழகும் பையனுக்குக்கூட ஒரு பாஸ், ஒரு பட்டறை உண்டு. கலைப் பட்டதாரிக்கு மட்டும் யார் இருக்கின்றார்? வெங்காயமும் புகையிலையும் விற்ற பணத்தில் மகளைப் படிக்கவைத்த கமக்காரர் இதனைக் கேட்டால் நாம் யாது விடை கூறுவோம்?

ஒரு காலத்தில் நம்மவர் பள்ளிப் படிப்போடு எழுதுவினைஞர் பரீட்சையிற் சித்தியெய்தி, நேரே கந்தோருக்குச் சென்று, அங்கேயே வேலை பழகினர். 1956 இல் வந்த தனிச்சிங்களச் சட்டம் அவ்வழியை அடைத்தது. வழி அடைபட்டபோதிலும் அரசாங்க உத்தியோகத்துக்காகக் காத்திருக்கும் பழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. 2017 இல் பட்டதாரிகள் யாழ்ப்பாணம் கச்சேரி முன்னே வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்த காட்சியை நாம் மறக்கவில்லை. 2020 இல் அரசாங்கம் நாடெங்கும் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநராக எடுத்தது. பயிலுநர் என்று பெயர் சூட்டியவர்கள், எந்தத் தொழிலை, யாரிடம் பயில்வது என்பதையும் அதே கவனத்தோடு வகுத்தார்களா? பிரதேச செயலகங்களில் கதிரைக்கும் மேசைக்கும் இடந்தேடி நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அரசாங்கத்தைக் குறைகூறி அமைதல் எளிது. நம்மவர் செய்யவேண்டியதும் உண்டு. வெளிக்கள நிலையம் என்னும் பெயரே, வகுப்பறைக்கு வெளியே சென்று கற்றலைக் குறிப்பதன்றோ! வடமராட்சியின் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்கெழுதவும் கடிதம் வரையவும் ஆள் தேவை. விவசாயிகள் சங்கத்துக்குச் சந்தை விலையைத் திரட்டித் தரவும், கடன் விண்ணப்பம் எழுதவும் ஆள் தேவை. யாழ்ப்பாண நகரத்துக் கணக்காளரும் வைத்தியசாலை நடத்துவோரும் பதிப்பகத்தாரும் ஆண்டுக்கு ஓரிரு இறுதியாண்டு மாணவரை ஆறு மாதம் தம்மோடு வைத்துக்கொள்ளலாகாதா? போக்குவரத்துச் செலவேனும் கொடுத்து, முடிவில் உண்மையான அத்தாட்சிக் கடிதம் ஒன்றும் கொடுத்தால் போதும். கூலியின்றி வேலை வாங்குவதற்கு இதனைச் சாட்டாகக் கொள்வோரும் வருவர். அவர்களைப் பல்கலைக்கழகம் பட்டியலிலிருந்து நீக்கிவிடட்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் அத்தகைய பட்டியலொன்றை வரும் கல்வியாண்டுக்கு முன்னரே திறக்கவேண்டும். அதில் முதற் பெயராகத் தம் நிறுவனத்தின் பெயரை எழுத முன்வருவோர் யார்?