பாட்டுக்கு உரியவன் யார்?

பிறர் பாட்டைப் பாடிப் பிழைப்பது ஒரு வகை. தன் பாட்டைத் தானே புனைந்து, தானே மெட்டமைத்து, எந்தப் படக் கம்பெனியின் வாயிலிலும் காத்து நில்லாமல் ஜனங்கள் முன் வைப்பது வேறு வகை. இந்த இரண்டாவது வழியை நாடும் இளைஞர்கள் இன்று தமிழ்நாட்டில் பெருகி வருகின்றனர். கைப்பேசியும் ஒலிவாங்கியும் இருந்தால் கிராமத்துத் திண்ணையிலிருந்தே ஒரு பாட்டை உலகெங்கும் அனுப்பிவிடலாம். இவர்களைச் சுயேச்சைப் பாடலாசிரியர்கள் என்கிறார்கள். சுயேச்சை என்ற சொல் நமக்கு மிகவும் உவப்பானது. ஆனால் பெயரில் உள்ள சுயேச்சை வாழ்விலும் உண்டா என்று கேட்பது நமது கடமையாகும்.

இக்கேள்விக்கு விடை காணப் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களைத் தாண்டி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலிருந்து 1995-ல் பெரம்பலூரும், அதிலிருந்து முடிவாக 2007-ல் அரியலூரும் பிரிந்தன. பருத்தியும் சோளமும் சுண்ணாம்புக்கல்லுமே இப்பக்கத்தின் செல்வம் என்று வெளியூரார் எண்ணுகின்றனர். இங்கே ஸாஹித்யமும் விளைந்தது என்பதை உள்ளூராரே மறந்துவிட்டனர்.

அரியலூருக்கு அருகிலுள்ள திருக்குன்றத்தில் பிறந்தவர் கனம் கிருஷ்ணையர். 1790 முதல் 1854 வரை அவர் வாழ்ந்த காலம். பொப்பிலி கேசவையா என்னும் வித்வான் தஞ்சை சமஸ்தானத்துக்கு வந்து, கன மார்க்கம் என்ற அரிய முறையில் பாடிச் சபையைப் பிரமிக்கச் செய்தார். பெருத்த தேக வலிமையையும் கடும் சாதகத்தையும் வேண்டும் அம்முறையைக் கற்கத் துணிந்து முன்வந்து, கற்றும் முடித்தவர் கிருஷ்ணையர். 'கனம்' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அதனால்தான். திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமிகளின் அடாணாவைக் கேட்டு உள்ளம் உருகிய அவர், அதே ராகத்தில் ஒரு தமிழ்ப் பதம் இயற்றினார். பெரியோரின் பாட்டைக் கேட்டு அதைப் பிரதி செய்வது வேறு, அதனால் தூண்டப்பெற்றுத் தன் மொழியில் தன் பாட்டைப் படைப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டுமோ? தெலுங்கு ஸாஹித்யம் கோலோச்சிய காலத்தில் அவர் தமிழில் பதங்கள் செய்தார். பைரவியில் அமைந்த 'வேலவரே' இன்றும் கச்சேரியிலும் நாட்டிய மேடையிலும் உயிரோடு உலவுகிறது.

இத்தகைய மேதையின் வாழ்க்கை எவ்வாறு நடந்தது? தஞ்சை, திருவிடைமருதூர், கபிஸ்தலம் என்று ஆதரவு கிடைத்த இடந்தோறும் சென்று, முடிவில் உடையார்பாளையம் ஜமீனை அடைந்தார். அங்கே ஸம்மானங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் ஒரு சமயம் ஜமீன்தார் சில நாள் பராமுகமாக இருந்துவிட, தலைவனைப் பிரிந்த நாயிகையின் வாய்மொழியாக ஒரு பதம் பாடியே கிருஷ்ணையர் தம் குறையைத் தெரிவித்தாராம். பிரபுவின் மனம் இளகியது. நமக்குக் கிடைத்தது ஒரு நல்ல பாட்டு. ஆனால் தம் கலைக்கு உரிய மதிப்பை உரிமையாகக் கேட்க இயலாமல், காதலியின் வேஷம் பூண்டு கேட்க வேண்டியிருந்த நிலையை நினைக்கும்போது நம் நெஞ்சம் வருந்துகிறது.

அவரிடம் சங்கீதம் பயின்றவர் வேங்கடசுப்பையர். அவருடைய புதல்வரே மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். வேங்கடசுப்பையருக்கு ஜமீனைவிடக் கிராமங்களே நீடித்த துணையாயின. அரியலூரிலும், இன்று பெரம்பலூர் ஜில்லாவில் தாலூகாத் தலைநகராக விளங்கும் குன்னத்திலும் குடும்பத்தோடு தங்கிக் கதையும் பாட்டுமாக அவர் காலங்கழித்தார். குடியானவர்கள் தந்த தானியமே அந்தக் குடும்பத்தைக் காத்தது. அவர்கள் போற்றியிராவிடில் பழந்தமிழ் நூல்களை மீட்ட ஒரு மகான் நமக்குக் கிடைத்திருப்பாரா? கிருஷ்ணையரின் சரித்திரத்தை 1936-ல் நூலாக்கி அவர் பெயரை நிலைநிறுத்தியவரும் ஐயரவர்களே. எழுதிவைக்க ஒருவரில்லாமல் மறைந்த பாட்டுக்காரர் எத்தனை பேரோ!

ஜமீன்கள் போயின. ஆனால் ஜமீன்தார்கள் போய்விட்டார்களா? இசைத்தட்டுக் கம்பெனி வந்தது, படக் கம்பெனி வந்தது, இன்று கைப்பேசி வழியே பாட்டைப் பரப்பும் பெருநிறுவனங்கள் வந்திருக்கின்றன. பழைய பிரபு பாட்டைக் கேட்டுப் பொன் கொடுத்தார். பாட்டைத் தன் சொத்தென்று எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. புதிய பிரபுக்களோ ஒரு முறை சிறு தொகை கொடுத்து, பாட்டையும் அதன் எதிர்கால வருவாயையும் சேர்த்தே எழுதி வாங்கும் வழக்கத்தை நெடுங்காலம் நடத்தினர்.

இந்த அநீதிக்கு ஓரளவு பரிகாரம் பிறந்திருக்கிறது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டது. அதன்படி, ஒலிப்பதிவில் சேர்ந்த பாட்டின் வருவாயில் சமபங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியரும் மெட்டமைத்தவரும் விட்டுக்கொடுக்க இயலாது. வாரிசுகளுக்கோ, வசூலித்துத் தருவதற்காகப் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் அதை எழுதித் தரவும் முடியாது. பாட்டு எழுதப்பட்ட கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உண்டு என்பதில்லை. ஆசிரியர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது நிலைக்கிறது. இவ்வளவு இருந்தும், தெரியாதவனுக்குச் சட்டம் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும் பொன்னேயாகும். கையொப்பமிடுமுன் படித்துப் பார்க்க வேண்டுமென்று நம் இளைஞருக்குச் சொல்வார் யார்?

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. பாட்டு ஒலிக்கும் மேடைதோறும் இயற்றியவர் பெயர் கூறப்பட வேண்டும். பெயரை மறைப்பதும் ஒரு வகைத் திருட்டே. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகஸ்வரம், தவில் முதலியவை கற்பிக்கப்படுகின்றன. அவற்றோடு பாட்டு இயற்றும் கலையும் அதன் உரிமைச் சட்டமும் கற்பிக்கப்பட வேண்டும். கோயில் விழாக் குழுவினரும் கல்லூரியினரும் வெளியூர்ப் பிரபலங்களுக்குக் கொட்டிக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கையேனும் உள்ளூர்ப் பாடலாசிரியருக்கு ஒதுக்க வேண்டும். குன்னத்துக் குடியானவர் செய்த தர்மத்தைப் பட்டணத்துப் படிப்பாளிகள் செய்யலாகாதா?

இளைஞருக்கும் ஒரு வார்த்தை. புகழை விரும்புவது குற்றமன்று. ஆனால் கன மார்க்கத்தைக் கிருஷ்ணையர் ஒரே நாளில் கற்றுவிடவில்லை. ஓசையும் யாப்பும் அறியாமல், படப்பாட்டின் மெட்டில் சொற்களை மாற்றிப் போடுவது சுயேச்சையாகாது. தன் மண்ணின் பேச்சையும் துயரத்தையும் தன் மெட்டில் சொல்பவனே சுயேச்சைப் பாடலாசிரியன்.

1943-ல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது, தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் வேண்டுமென்று தமிழர் போராடினர். அந்த இடம் கிடைத்தது. பாட்டு இயற்றியவனுக்கு இடம் கேட்கும் போராட்டம் இன்னும் பாக்கியிருக்கிறது. கனம் கிருஷ்ணையரைத் தந்த சீமையே அதை முன்னின்று தொடங்கட்டும்.