முகவரி அறியாத மடல்



அயல்நாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுள் சிலர், விடுமுறை கிடைத்தவுடன் விமானம் ஏறி ஊர் திரும்பாமல், இரயிலிலும் பேருந்திலுமாகத் தரைவழியே நாடு நாடாகச் சுற்றி வருகின்றனர். சிங்கப்பூரில் வாழும் ஒருவர் மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நாடுகளைக் கடந்து சீனம்வரை தரைவழியாகவே போய்வர இன்று இயலும். பெற்றோரோ, “காசும் கரைகிறது, கவலையும் வளர்கிறது, இப்பயணத்தால் என்ன பயன்?” என்று கேட்கின்றனர். இக்கேள்வியை நாமும் சற்று எண்ணிப் பார்ப்போம்.

தரைவழிப் பயண ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1957-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பேருந்தே ஓடி வந்தது. 1960-களிலும் 70-களிலும் மேலைநாட்டு இளைஞர் பல்லாயிரவர் இஸ்தான்புல், தெஹ்ரான், ஹெராத், காபூல், கைபர் கணவாய், லாகூர், தில்லி என்று வந்து, காத்மாண்டுவில் பயணத்தை முடித்தனர். 1979-ஆம் ஆண்டில் ஈரானில் புரட்சி வெடித்தது. அதே ஆண்டின் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானத்திற்குள் புகுந்தன. அத்துடன் அந்த நெடுவழி அடைபட்டது. மலையும் பாலைவனமும் தடுக்காத மனிதனை மனிதனின் பகைமை தடுத்துவிட்டது.

அந்த வழியின் ஒரு பகுதியைப் பேருந்தும் கடவுச்சீட்டும் இல்லாத காலத்தில் கடந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பெந்தோ தெ கோயிஸ். சேசு சபைச் சகோதரர். நம் குடும்பங்களில் அவரை அறிந்தவர் மிகச் சிலரே. அயல்நாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒவ்வொரு இல்லமும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அவருடையது.

போர்த்துக்கீசியருக்கு உரிய அசோர்ஸ் தீவுகளில் பிறந்த இவர், படைவீரராக இந்தியாவுக்கு வந்தார். கட்டற்ற வாழ்க்கை வாழ்ந்தார். திருவிதாங்கூர் நாட்டில் ஓர் ஆலயத்தில் தேவதாயின் சுரூபத்தின் முன் முழந்தாளிட்ட வேளையில் மனம் உடைந்து அழுதார் என்பர். பின்னர்க் கோவாவில் சேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் வேண்டாது, இறுதிவரை சகோதரராகவே இருந்துவிட்டார். அக்பர் பேரரசரின் அவைக்குச் சென்ற குழுவில் இடம்பெற்று, பாரசீக மொழியில் நன்கு பேசப் பழகினார்.

அந்நாளில் அறிஞரைக் குழப்பிய கேள்வி ஒன்று இருந்தது. மார்க்கோ போலோ வருணித்த ‘கத்தாய்’ என்னும் பெருநாடு எங்கே உள்ளது? அது சீனம்தானா, அன்றிச் சீனத்திற்கு அப்பாலுள்ள வேறொரு நாடா? கத்தாயில் கிறிஸ்தவர் பலர் வாழ்வதாக ஒரு வணிகர் லாகூரில் கூறியிருந்தார். சீனத் தலைநகர் பெக்கிங்கில் வாழ்ந்த மத்தேயு ரிச்சி அடிகளார், கத்தாயும் சீனமும் ஒன்றே என்று எழுதினார். இந்தியாவில் இருந்த மேலாளரோ அதை ஏற்கத் தயங்கினர். நேரில் சென்று கண்டு வரும் பணி சகோதரர் பெந்தோவிடம் ஒப்படைக்கப்பட்டது.

1602-ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று அவர் ஆக்ராவிலிருந்து புறப்பட்டார். மறு ஆண்டு தவக்காலத்தில், ஏறத்தாழ 500 பேர் கொண்ட வணிகக் கூட்டத்தோடு லாகூரைக் கடந்தார். ஆர்மேனிய வணிகரின் உடையை அணிந்துகொண்டார். உடையை மாற்றியவர் விசுவாசத்தை மறைத்தாரா? இல்லை. ‘அப்துல்லா இசாய்’ என்று பெயர் சூட்டிக்கொண்டார். ஆண்டவரின் அடியான், இயேசுவைச் சேர்ந்தவன் என்பது அதன் பொருள். பெயரைக் கேட்ட எவரும் அவர் கிறிஸ்தவர் என்பதை அறிந்துகொள்ளலாம்.

உடன் சென்றவர் சிலர். அவர்களுள் ஒருவர் வழியின் கொடுமை தாங்காமல் காபூலிலேயே திரும்பிவிட்டார். இறுதிவரை நிலைத்தவர் லாகூரில் மனைவி மக்களை விட்டு வந்த ஈசாக்கு என்னும் ஆர்மேனியர் ஒருவரே. இந்துகுஷ் மலையையும் பாமீர் மேட்டுநிலத்தையும் அவர்கள் கடந்தனர். மூச்சு முட்டும் அவ்வுயரத்தில் பயணிகள் பூண்டும் வெங்காயமும் உலர்ந்த ஆப்பிளும் தின்றனர். குதிரைகளின் ஈறுகளில் பூண்டைத் தேய்த்தனர். அப்படியும் குதிரைகள் பல மாண்டன. 1603 நவம்பரில் யார்க்கண்ட் நகரை அடைந்தனர். அங்கு ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது.

இப்பயணத்தில் நம் நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சிகள் சில உண்டு. காபூலில் ஓர் அம்மையார் துன்பத்தில் இருந்தார். கோட்டன் நாட்டு மன்னரின் தாய் அவர். மெக்காவிற்குத் திருப்பயணம் சென்று மீளும் வழியில் கைப்பொருள் தீர்ந்து தவித்தார். சகோதரர் பெந்தோ தம் சரக்குகளை விற்று, 600 பொற்காசுகளை அவருக்குக் கடனாகக் கொடுத்தார். வட்டி வேண்டாம் என்றார். பின்னர் அவ்வம்மையார் சீனர் பெரிதும் மதிக்கும் ஜேட் என்னும் மணிக்கல்லைக் கொடுத்து அக்கடனைத் தீர்த்தார். பெந்தோவின் பயணத்திற்கு அதுவே பெரும் முதலாயிற்று. திருப்பயணம் சென்ற இஸ்லாமியத் தாய்க்குக் கிறிஸ்தவ வழிப்போக்கர் ஒருவர் செய்த உதவி, இருவரையும் வாழவைத்தது.

சாலிஸ் என்னும் நகரில் ஆளுநரின் முன்னிலையில் சமயத்தைப் பற்றிய வாதம் எழுந்தது. அந்த ஆளுநர், கிறிஸ்தவரும் மெய்யான இறைநம்பிக்கை உடையவரே எனக் கூறி, அவரை இரவு முழுவதும் தம் மாளிகையிலேயே விருந்தினராக வைத்துக்கொண்டார். ஆண்டவன் கொல்லப்பட்டான் என்றெண்ணி ஈசாக்கு வெளியே விடிய விடிய அழுதுகொண்டிருந்தார்! வழிச்சீட்டு எழுதும்போது எவ்வாறு பெயரெழுத வேண்டும் என்று கேட்கப்பட்டது. “இதுவரை சுமந்து வந்த இசாய் என்னும் பெயரையே எழுதுங்கள்” என்றார் பெந்தோ. அதைக் கேட்ட இஸ்லாமியப் பெரியவர் ஒருவர், அரசரின் முன்னும் தம் சமயத்தை ஒளிக்காதவர் என்று அவரைப் பாராட்டி, தம் தலையணியை எடுத்து மரியாதை செய்தார். தன் விசுவாசத்தை அஞ்சாமலும் அகந்தையின்றியும் சொல்பவனைப் பிற சமயத்தாரும் மதிப்பர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அந்நகரிலேதான் அவர் தேடியது கிடைத்தது. பெக்கிங்கிலிருந்து திரும்பிய வணிகர் சிலர், அங்கு அயல்நாட்டார் விடுதியில் ரிச்சி அடிகளாரோடு தங்கியிருந்ததாகக் கூறினர். சான்றாக ஒரு துண்டுத் தாளையும் காட்டினர். குப்பையோடு பெருக்கித் தள்ளப்பட்ட தாள் அது. ஆனால் அதில் போர்த்துக்கீசிய எழுத்துக்கள் இருந்தன! கத்தாய் என்பது சீனமே என அவர் தெளிந்தார். புதுநாட்டைத் தேடிச் சென்றவர், தம் சகோதரர் ஏற்கெனவே வாழும் நாட்டின் வாயிலில் நின்றார்.

1605-ஆம் ஆண்டின் இறுதியில் சீனப் பெருமதிலின் வாயிலைக் கடந்து சூச்சௌ நகரை அடைந்தார். கான்சு மாநிலத்திலுள்ள அந்நகர் இன்று ஜியூசுவான் என வழங்குகிறது. மேற்கொண்டு தலைநகர் செல்ல அனுமதி வரவில்லை. வாழ்க்கைச் செலவோ மிகுதி. கைப்பொருள் கரைந்தது. ரிச்சி அடிகளாருக்கு ஒரு மடல் எழுதினார். அது போய்ச் சேரவில்லை. ஏன்? சீனத்தில் அந்தக் குருக்கள் எந்தப் பெயரால் அறியப்பட்டனர் என்பதும், அவர்கள் வாழும் தெருவும் அவருக்குத் தெரியாது. மேலைநாட்டு எழுத்தில் எழுதிய முகவரியைச் சீனத்தில் படிப்பார் யார்? மூன்றாண்டு மலையும் பாலையும் கடந்தவரை முகவரி அறியாமை தோற்கடித்துவிட்டது.

1606-இல் உயிர்ப்புப் பெருவிழாவின்போது எழுதிய மற்றொரு மடல் அந்த நவம்பரில் பெக்கிங்கை அடைந்தது. ரிச்சி அடிகளார் காலம் தாழ்த்தவில்லை. யோவான் பெர்னாந்தஸ் என்னும் சீன இளைஞரை, கடுங்குளிர் என்றும் பாராமல் டிசம்பர் மாதத்திலேயே அனுப்பினார். வழியில் ஊழியன் பணத்தில் பாதியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். இளைஞரோ திரும்பவில்லை. ஏறத்தாழ நான்கு மாதம் பயணம் செய்து, 1607 மார்ச் இறுதியில் சூச்சௌவை அடைந்தார். பெந்தோ நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். இளைஞர் போர்த்துக்கீசிய மொழியில் வணக்கம் கூறினார். நெடுநாளாகக் கேளாத அம்மொழியைக் கேட்டதும், நோயாளி மடல்களை வாங்கி உயர்த்திப் பிடித்து, கண்ணீர் மல்க, ஆலயத்தில் முதியவர் சிமியோன் பாடிய பாடலைப் பாடினார். பதினொரு நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று இறைவனடி சேர்ந்தார். பல ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனம் செய்யக் குருவைக் காணாத நிலையிலேயே இறந்தார். ஆனால் தனிமையில் இறக்கவில்லை.

அவருடைய நாட்குறிப்பு ஏட்டில் பிறருடைய கடன் கணக்குகளும் இருந்தமையால், உடன் வந்த வணிகர் சிலர் அதைக் கிழித்துப் போட்டனர். ஈசாக்கும் பெர்னாந்தஸும் கிடைத்த துண்டுகளைச் சேர்த்தனர். அத்துண்டுகளையும் ஈசாக்கின் நினைவையும் கொண்டே ரிச்சி அடிகளார் இவ்வரலாற்றை எழுதினார். சொத்தை மீட்க இருவரும் ஐந்து மாதம் வழக்காடினர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நீதிபதியின் முன்னே, “ஒருவரையொருவர் அறிவோம்” என்று காட்டுவதற்காக, ஒருவர் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொன்னார். மற்றவர் பெந்தோவின் பெயரையும் தமக்குத் தெரிந்த சில போர்த்துக்கீசியச் சொற்களையும் சொன்னார். நீதிபதி, இவர்கள் காண்டன் வட்டாரத்து மொழியில் உரையாடுகின்றனர் என்று நம்பிவிட்டார்! ஈசாக்கு பின்னர்க் கடல்வழியாக இந்தியா திரும்பினார். வழியில் ஒல்லாந்தரிடம் சிறைப்பட்டு மீட்கப்பட்டார். இந்தியாவை நெருங்கியபோது, மனைவி இறந்த செய்தியே அவரை எதிர்கொண்டது.

வாசகர்களே! இவ்வரலாற்றைப் பயண வீரம் என்று மட்டும் பாராட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடலாகாது. மலையை வென்றவர் ஒருவர். அவரைத் தேடிப் போனவர் மற்றொருவர். இவர்களுள் நம் குடும்பங்களுக்கு அதிகம் தேவைப்படுபவர் இரண்டாமவரே.

இதற்கு முன்னும் இவ்வாறே நடந்தது. மோந்தே கோர்வீனோ யோவான் என்னும் பிரான்சிஸ்கு சபைத் துறவி, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனம் செல்லும் வழியில் நம் மயிலாப்பூரில், புனித தோமையார் ஆலயத்தருகே 13 மாதம் தங்கினார். உடன் வந்த துறவியை அங்கேயே அடக்கம் செய்தார். 1305-இல் அவர் பெக்கிங்கிலிருந்து எழுதிய மடலில், தம் சபையிடமிருந்தும் பாப்பரசரிடமிருந்தும் 12 ஆண்டுகளாக ஒரு செய்தியும் வரவில்லை என்று வருந்தினார். பனியையும் பசியையும்விட இச்செய்தியின்மையே அவரை அதிகம் வாட்டியது போலும்!

இன்று கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் முகம் காண்கிறோம். ஆயினும் முகவரி அறியாத மடல்கள் இன்றும் இல்லையா? “நன்றாக இருக்கிறேன் அம்மா” என்று சொல்லும் மகன், மூன்று மாதச் சம்பளம் வராமல் இருக்கலாம். கடவுச்சீட்டைப் பிறர் பறித்து வைத்திருக்கலாம். பணம் வந்ததா என்று கேட்கும் நாம், உண்டாயா, உறங்கினாயா, உடன் இருப்பவர் யார் என்று கேட்கிறோமா? அவன் எழுதாத மடலைப் படிக்கும் கண் பெற்றோருக்கு வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் சிலவற்றைச் செய்தல் நலம். பிள்ளையின் கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் படிகளையும், வேலை கொடுப்பவரின் முழு முகவரியையும், அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும் வீட்டில் எழுதி வையுங்கள். இடர் நேர்ந்தால் முறையிடுவதற்கென வெளியுறவு அமைச்சகம் 2015-இல் ‘மதத்’ என்னும் இணையதளத்தைத் தொடங்கியுள்ளது, அதை அறிந்திருங்கள். வளைகுடா நாடுகளின் ஆலயங்கள் பலவற்றில் தமிழில் திருப்பலி நிறைவேறுகிறது. அங்குள்ள பங்குடன் பிள்ளையைத் தொடர்புபடுத்துங்கள். விடுமுறையில் நாடு சுற்ற விரும்பும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். எந்த நாளில் எந்த ஊரில் இருப்பான் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். பிற சமயத்தாரின் வீட்டுத் திண்ணையில் உண்டு, அவர்களின் நன்மையைக் கண்டு திரும்புபவன், ஊரிலும் அயலானை அன்புடன் நோக்குவான். அப்பயணம் வீண் செலவன்று.

பங்கு மக்களுக்கும் கடமை உண்டு. நம் தெருவில் வடநாட்டிலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் இளைஞனும் ஒரு தாயின் மகனே. அவனுடைய மொழி நமக்குத் தெரியாமலிருக்கலாம். ஈசாக்குக்கும் பெர்னாந்தஸுக்கும் தெரிந்திருந்ததா? ஒரு செபமும் ஒரு நண்பனின் பெயருமே அவர்களுக்குப் போதுமானதாயிற்று.

இம்மாதம் உங்கள் குடும்பச் செபத்தில், தொலைவில் இருப்போரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டுங்கள். செபம் முடிந்ததும் அவர்களுள் ஒருவரை, பணத்தைப் பற்றிப் பேசுவதற்காக அல்லாமல், அழைத்துப் பேசுங்கள். சூச்சௌவுக்குச் சென்ற இளைஞர் பன்னிரண்டு நாள் பிந்தியிருந்தால், அங்கே ஒரு கல்லறையைத்தான் கண்டிருப்பார்.